ஆளி விதை ரொட்டி: கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மைதாவோ கோதுமையோ சேர்க்காமல், அரைத்த ஆளி விதையையும் முட்டையையும் கொண்டு வீட்டில் சுடும் ரொட்டியை, தானியங்களைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையைப் பின்பற்றுவோரும், சர்க்கரை நோய்க்காக மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டோரும் விரும்பிச் செய்கிறார்கள். செய்முறை எளிதுதான். ஆனால் மைதா ரொட்டி சுட்டுப் பழகிய கைக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. கோளாறு வந்தவுடன் பலரும் பேக்கிங் பவுடரைக் கூட்டுகிறார்கள் அல்லது அடுப்பைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பிழை இருப்பது தண்ணீர்க் கணக்கில்தான்.

கீழே வரும் விடைகள் ஓர் அடிப்படை அளவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆளி விதைப் பொடி 200 கிராம், ஓடு நீக்கிய முட்டை 250 கிராம், தண்ணீர் 100 மி.லி., எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய் 60 மி.லி., பேக்கிங் பவுடர் 10 கிராம், உப்பு 5 கிராம், வினிகர் 2 தேக்கரண்டி. உலர்ந்தவற்றைத் தனியாகவும் ஈரமானவற்றைத் தனியாகவும் கலந்து, பிறகு ஒன்றுசேர்த்து, ஐந்து நிமிடம் விட்டு, பட்டர் பேப்பர் விரித்த 8 அங்குல நீள பிரெட் டின்னில் ஊற்றி, 175 டிகிரி செல்சியஸில் 45 முதல் 50 நிமிடம் சுட வேண்டும்.

மேலே நன்றாகச் சிவந்திருக்கிறது; வெட்டினால் நடுப்பகுதி பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டுகிறது. ஏன்?

இந்த ரொட்டியைப் பற்றி வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். ஆளி விதையின் மேல்தோலில் நீர் பட்டதும் கொழகொழப்பாகும் பசைப்பொருள் ஒன்று இருக்கிறது. விதையைச் சிறிது நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் நறுக்கிய வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போல அது ஒவ்வொரு விதையையும் சூழ்ந்துகொள்வதைக் காணலாம். மைதா ரொட்டியில் குளுட்டன் (மாவைப் பிணைக்கும் கோதுமைப் புரதம்) செய்யும் வேலையில் ஒரு பங்கை இந்தப் பசையும், மற்றொரு பங்கை முட்டையின் புரதமும் செய்கின்றன. பசை இல்லாவிட்டால் ரொட்டி உதிர்ந்துவிடும். ஆனால் அதே பசை தன் எடையைவிடப் பல மடங்கு நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், கூடுதலாக ஊற்றிய தண்ணீர் அடுப்புச் சூட்டிலும் வெளியேறாமல் ரொட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

எனவே அடுத்த முறை வேறெதையும் மாற்றாமல் தண்ணீரை மட்டும் 20 முதல் 25 மி.லி. வரை குறைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஊறிய கலவையைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால், அது ஓடாமல், கட்டியாகத் தயங்கி விழ வேண்டும். கலந்த உடனே பார்த்தால் இந்தப் பதம் தெரியாது, ஏனெனில் பசை நீரை இழுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும்.

இரண்டாவது காரணம் அவசரம். அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் உள்ளே நீராவி நிறைந்திருக்கும். பசையும் சூட்டில் இளகியே இருக்கும். டின்னிலிருந்து பத்து நிமிடத்தில் வெளியே எடுத்து, கம்பித் தட்டின் மேல் வைத்து, முழுவதும் ஆறும்வரை, அதாவது குறைந்தது ஒன்றரை மணி நேரம், கத்தியை எடுக்கக் கூடாது. டின்னிலேயே ஆறவிட்டால் அடிப்பகுதி வியர்த்து நனைந்துவிடும்.

மூன்றாவது, உண்மையிலேயே வேகாமல் இருப்பது. பல்குச்சியைக் குத்திப் பார்க்கும் சோதனையை இந்த ரொட்டியில் முழுதாக நம்ப முடியாது. வெந்த ரொட்டியிலும் குச்சியில் சற்றுப் பசை ஒட்டும், வேகாத ரொட்டியிலும் சில சமயம் சுத்தமாக வரும். உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 95 முதல் 97 டிகிரி வரை காட்ட வேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் இந்த எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தண்ணீரே ஏறத்தாழ 93 டிகிரியில் கொதித்துவிடுவதால், அங்கே 90 டிகிரியைக் கடந்தாலே போதும்.

அடுப்பில் அழகாக எழும்புகிறது. வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிடுகிறது. பேக்கிங் பவுடர் போதவில்லையா?

பெரும்பாலும் கூடிவிட்டது என்பதே விடை. பேக்கிங் பவுடர் வெளிவிடும் வாயு கலவையை மேலே தூக்குகிறது. அப்படித் தூக்கிய நிலையிலேயே முட்டைப் புரதம் இறுகி நிற்க வேண்டும். வாயு அதிகமானால் குமிழ்கள் பெரிதாகி, சுவர்கள் மெலிந்து, சூடு தணிந்தவுடன் கூரை இறங்கிவிடுகிறது. 200 கிராம் பொடிக்கு 10 கிராமைத் தாண்ட வேண்டிய தேவை இல்லை.

அளவு சரியாக இருந்தும் குழிகிறது என்றால், முதல் 30 நிமிடத்துக்குள் அடுப்பின் கதவைத் திறந்தீர்களா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் மீண்டும் தண்ணீர்தான்: ஈரம் மிகுந்த நடுப்பகுதி இறுகுவதற்குள் ஓரங்கள் வெந்து நின்றுவிடும், நடு மட்டும் பின்னால் அமிழும். பெரிய டின்னுக்குப் பதிலாக இரண்டு சிறிய டின்களில் பிரித்துச் சுடுவது இதற்கு நல்ல மருந்து. ஓரிரு மில்லிமீட்டர் குழிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குளுட்டன் இல்லாத ரொட்டிக்கு அது இயல்பு.

ரொட்டி எழும்பவே இல்லை. கனமாக, அப்பிப்போய் இருக்கிறது.

முதலில் பேக்கிங் பவுடருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரைக் கோப்பை சூடான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில், மூடி தளர்ந்த டப்பா சில மாதங்களிலேயே வீரியம் இழந்துவிடும். பேக்கிங் பவுடருக்குப் பதில் அதே அளவு சமையல் சோடா போடுவது தீர்வல்ல. சோடா மூன்று நான்கு மடங்கு வலியது. புளிப்பு சேராமல் அது வேலை செய்வதும் இல்லை. மிஞ்சினால் சோப்புச் சுவையும் கருத்த நிறமும் தரும். சோடாவே கையில் இருக்கிறது என்றால், தண்ணீருக்குப் பதில் புளித்த மோரைச் சேர்த்து, சோடாவை அரைத் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கலவையை எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்பது. ஐந்து நிமிடம் தேவை. இருபது நிமிடம் என்றால் வாயுவில் கணிசமான பங்கு வீணாகிவிடும், பசையும் இறுகி மிச்ச வாயுவுக்கு வழிவிடாது. அடுப்பு முன்கூட்டியே சூடாகி இருந்த பிறகுதான் ஈரத்தையும் உலர்ந்ததையும் ஒன்றுசேர்க்க வேண்டும்.

முட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே உடைக்காமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் இரண்டு மூன்று நிமிடம் நுரைக்க அடித்துச் சேர்த்தால் உயரம் கூடும். வெள்ளைக் கருவைத் தனியே அடித்து மெதுவாகக் கலப்பவர்களுக்கு இன்னும் இலேசான ரொட்டி கிடைக்கிறது. அன்றாடத்துக்கு அவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் எண்ணம்.

செய்முறையில் சொன்ன கப் அளவுகளை அப்படியே பின்பற்றியும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வருகிறது.

கப் அளவே காரணமாக இருக்கலாம். 240 மி.லி. கப் ஒன்றில் முழு ஆளி விதை ஏறத்தாழ 165 கிராம் பிடிக்கும். அதே கப்பில் பொடி 110 கிராம்தான் பிடிக்கும். "இரண்டு கப் ஆளி விதை, அரைத்தது" என்பதை ஒருவர் அளந்துவிட்டு அரைத்தும், மற்றொருவர் அரைத்துவிட்டு அளந்தும் செய்தால், இருவர் ரொட்டியிலும் 100 கிராமுக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். கடையில் பாக்கெட்டில் வரும் பொடி அமுங்கியிருப்பதால் அதன் கணக்கு மேலும் மாறும்.

முட்டையிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்கச் செய்முறைகள் ஐந்து பெரிய முட்டை என்று சொல்லும்போது, ஓடு நீக்கிய முட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிராம் என்ற கணக்கில் சொல்கின்றன. நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. அதே 250 கிராமுக்கு ஆறு முட்டை வேண்டியிருக்கும். ஒரு முட்டை குறைந்தால் கலவை கெட்டிப்படும், கெட்டிப்பட்டதைக் கண்டு தண்ணீர் ஊற்றுவோம், அங்கிருந்து முதல் கேள்விக்கே திரும்பிவிடுவோம். சமையலறைத் தராசு ஒன்று வாங்குவதுதான் இந்த ரொட்டிக்குச் செய்யும் மிகப் பயனுள்ள செலவு.

மிக்ஸியில் அரைத்தால் பொடியாகாமல் அடியில் பசையாகத் திரண்டுவிடுகிறது.

ஆளி விதையின் எடையில் 42 விழுக்காடு எண்ணெய். ஜார் சூடாகும்போது அந்த எண்ணெய் வெளிப்பட்டுப் பொடியைப் பிடித்துக்கொள்கிறது. ஈரமற்ற சிறிய ஜாரில், பாதிக்கு மேல் நிரப்பாமல், சில நொடிகள் ஓட்டுவதும் நிறுத்துவதுமாக அரைக்க வேண்டும். இடையில் ஜாரைக் குலுக்கிவிட வேண்டும். வறுத்து அரைப்பவர்கள் விதை முற்றிலும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இலேசாக வறுத்தால் பச்சை வாடை குறையும், ஆனால் வறுபட்ட விதையில் ஈரம் குறைவாக இருப்பதால் கலவை சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும்.

அரைத்ததைச் சல்லடையில் சலித்து, தங்கிய திப்பியை மறுபடி அரைப்பது நல்லது. திப்பி அப்படியே போனால் ரொட்டி நறநறக்கும். முழு விதையோ செரிக்காமலே வெளியேறிவிடும்.

துண்டு போடும்போது உதிர்ந்துபோகிறது.

கொரகொரப்பான பொடி, குறைந்த முட்டை, அதிக எண்ணெய் ஆகிய மூன்றில் ஒன்று. முட்டை அளவு சரியாக இருந்தால், பொடியில் 10 கிராமைக் குறைத்து அதற்குப் பதில் இசப்கோல் உமி 10 கிராம் சேர்த்து, தண்ணீரை 40 மி.லி. கூட்டுங்கள். பல் உள்ள ரொட்டிக் கத்தியால், அழுத்தாமல், அறுப்பதுபோல் இழுத்து வெட்ட வேண்டும். குளிர்பெட்டியில் ஓரிரவு வைத்த ரொட்டி மெல்லிய துண்டுகளுக்கு நன்றாக இடம் கொடுக்கும்.

ரொட்டி முழுக்க முட்டை வாடை அடிக்கிறது.

ஆறு முட்டையில் இரண்டின் மஞ்சள் கருவை விலக்கிவிட்டு, எடைக்கு ஈடாக வெள்ளைக் கரு சேர்த்தால் வாடை பெரும்பாலும் அடங்கும். வினிகரை விட்டுவிட வேண்டாம். ஓமம், சீரகம், பொடித்த மிளகு, பூண்டுப் பொடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஆளி விதையின் மண்வாசனையோடு இசைந்து போகும். இவற்றில் ஓமம்தான் என் தேர்வு. ஏலக்காய், வெனிலா போன்ற இனிப்பு மணங்கள் இனிப்பில்லாத ரொட்டியில் முட்டை வாடையை எடுத்துக்காட்டவே செய்கின்றன.

கசக்கிறது, சில சமயம் மீன் அல்லது வார்னிஷ் போன்ற நெடி வருகிறது.

நெடி வந்தால் விதை கெட்டுவிட்டது, அதைக் கொட்டிவிடுவதைத் தவிர வழியில்லை. ஆளி எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்னும் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. அது காற்றோடு மிக எளிதில் வினைபுரியும். காற்றுப்பட்டு இறுகும் அந்தக் குணத்தால்தான் இதே எண்ணெய் ஓவியர்களின் வண்ணங்களிலும் மரச்சாமான்களின் மெருகிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. முழு விதையைத் தோல் காப்பாற்றுகிறது. அரைத்த பிறகு காப்பு இல்லை. எனவே நாட்டு மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ முழு விதையாக வாங்கி, சுடும் நாளில் அரைப்பதே நல்லது; மிஞ்சிய பொடியைக் காற்றுப்புகாத டப்பாவில் உறைபெட்டியில் வைக்க வேண்டும். வாங்கும்போது ஒரு சிட்டிகை விதையை மென்று பாருங்கள். கொட்டைப் பருப்பின் சுவை வந்தால் நல்லது. நாக்கில் கசப்பு தங்கினால் வேண்டாம்.

நெடி இல்லாமல் கசப்பு மட்டும் இருந்தால் பேக்கிங் பவுடரோ சோடாவோ மிஞ்சியிருக்கும். பழுப்பு விதையின் சுவை பிடிக்காதவர்கள் பொன்னிற விதையை முயலலாம். அதன் சுவை மென்மையானது, சத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

உள்ளே ஊதா நிறம் அல்லது பச்சை நிறம் தெரிகிறது. சாப்பிடலாமா?

சாப்பிடலாம். சில நிறுவனங்களின் இசப்கோல் உமி சுட்டால் ஊதாவாக மாறும். சூரியகாந்தி விதைப் பொடி கலந்திருந்தால், அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தன்மையால் பச்சையாக மாறும். சோடாவைக் குறைத்து வினிகரைக் கூட்டினால் நிறம் மறையும். பஞ்சுபோல் மேலே படர்ந்த பச்சை மட்டும் பூஞ்சை, அது வேறு.

ஈஸ்ட் போட்டுச் செய்யலாமா?

மணத்துக்காகப் போடலாம், எழுச்சிக்காக நம்ப முடியாது. ஈஸ்ட் உண்ணும் மாவுச்சத்தும் இங்கே இல்லை. அது வெளிவிடும் வாயுவை மணிக்கணக்கில் பிடித்துவைக்கும் குளுட்டனும் இல்லை. ஒரு தேக்கரண்டி சர்க்கரையை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஈஸ்டைப் பொங்கவிட்டு, அதையே தண்ணீரின் பங்காகச் சேர்த்தால் ரொட்டிக்கடை மணம் ஓரளவு வரும். பேக்கிங் பவுடர் அப்போதும் தேவை. சிலர் தனியாகக் கிடைக்கும் கோதுமை குளுட்டன் பொடியைச் சேர்த்து ஈஸ்ட் ரொட்டியாகவே செய்கிறார்கள். குளுட்டன் ஒவ்வாதவர்கள் வீட்டில் அதற்கு இடமில்லை.

முட்டை சேர்க்காதவர்கள் என்ன செய்வது?

உயரமான ரொட்டியை எதிர்பார்க்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மை. பிற ரொட்டிகளில் முட்டைக்கு மாற்றாக ஊறவைத்த ஆளிப் பொடியைச் சேர்ப்பார்கள். இங்கே மாவே அதுதான் என்பதால் அந்த உபாயம் பிசுபிசுப்பைத்தான் கூட்டும். இதைவிட, தவாவில் தட்டையாகச் சுடுவது நன்றாக வருகிறது. 100 கிராம் பொடியில் உப்பு சேர்த்து, ஏறத்தாழ 140 மி.லி. கொதிநீரை ஊற்றிக் கரண்டியால் கிளறினால் ஓரிரு நிமிடத்தில் மாவாகத் திரளும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, உருண்டை பிடித்து, இரண்டு பட்டர் பேப்பருக்கு இடையில் வைத்துத் தேய்த்து, மிதமான தீயில் இருபுறமும் சுட வேண்டும். கொதிநீர்தான் இங்கே முக்கியம். ஆறிய நீரில் பசை அவ்வளவு விரைவாகத் திரளாது, ஓரங்கள் வெடிக்கும்.

ஓ.டி.ஜி. எனப்படும் சிறு மின் அடுப்பில் மேலே கருகி, உள்ளே வேகாமல் இருக்கிறது. அடுப்பே இல்லாதவர்கள் குக்கரில் செய்யலாமா?

சிறிய ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி டின்னுக்கு மிக அருகில் இருப்பதுதான் காரணம். டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து, முதல் அரை மணி நேரம் கீழ்க்கம்பி மட்டும் எரிய விட்டு, பிறகு இரண்டையும் எரிய விடுங்கள். மேலே சிவந்ததும் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். குமிழில் 175 என்று திருப்பினால் உள்ளே 175 இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உள்ளே வைக்கும் சிறு அடுப்பு வெப்பமானி ஒன்று அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும்.

குக்கரிலும் வரும். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், அடியில் ஒரு தட்டோ வளையமோ வைத்து, பத்து நிமிடம் சூடேற்றி, டின்னை உள்ளே வைத்து, மிகச் சிறு தீயில் ஒரு மணி நேரம்வரை விட வேண்டும். மேற்புறம் சிவக்காது, துண்டுகளைத் தவாவில் நெய் விட்டுச் சுட்டுக்கொள்ளலாம். உங்கள் குக்கரைத் தண்ணீரின்றிச் சூடேற்றலாமா என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

வெளியே வைத்தால் ஒரு நாள். கோடையில் அதுவும் நிச்சயமில்லை. ஈரமும் முட்டையும் மிகுந்த ரொட்டியில் பூஞ்சை விரைவாக வரும். குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் இருக்கும். மைதா ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைத்தால் அதன் மாவுச்சத்து இறுகி வறண்டுபோகும். இதில் மாவுச்சத்தே அரிது என்பதால் அந்தக் கோளாறு இல்லை. துண்டுகளுக்கு இடையில் பட்டர் பேப்பர் வைத்து உறைபெட்டியில் போட்டால், வேண்டியதை மட்டும் எடுத்து நேரே தவாவில் சுடலாம்.

உண்மையில் இதில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது?

100 கிராம் ஆளி விதையில் கார்போஹைட்ரேட் ஏறத்தாழ 29 கிராம். அதில் 27 கிராம் நார்ச்சத்து. 200 கிராம் பொடியில் செரிக்கக்கூடியதாக எஞ்சுவது மூன்றரை கிராமுக்குள்தான். முட்டையில் 2 கிராம், பேக்கிங் பவுடரில் கலந்துள்ள சோள மாவில் 2 அல்லது 3 கிராம் என்று சேர்த்தாலும் முழு ரொட்டியில் 9 கிராமைத் தாண்டாது. பன்னிரண்டு துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு 1 கிராமுக்கும் குறைவு. கடை ரொட்டித் துண்டு ஒன்றில் 12 முதல் 15 கிராம் இருக்கும். ஆனால் கலோரி குறைவு என்று எண்ணிவிடக் கூடாது: ஒரு துண்டு ஏறத்தாழ 160 கலோரி தரும், பெரும்பகுதி கொழுப்பிலிருந்து.

தினமும் எவ்வளவு சாப்பிடலாம்? யார் கவனமாக இருக்க வேண்டும்?

நாளொன்றுக்கு இரண்டு துண்டு போதும். அதிலேயே 30 கிராமுக்கு மேல் ஆளி விதை இருக்கிறது. நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் வாரத்தில் உப்பலாம். ஒரு துண்டில் தொடங்கி, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆளி விதையில் சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மங்கள் சிறு அளவில் உண்டு. அரைத்த ஆளி விதையைத் தவிர்க்குமாறு ஸ்வீடன் உணவுத் துறை மக்களுக்கு அறிவுறுத்தியிருப்பதற்கு அதுவே காரணம். ஈரத்தில் கலந்து நன்றாகச் சுடும்போது இவற்றின் அளவு குறைகிறது. பச்சைப் பொடியைப் பழச்சாற்றில் கரண்டி கரண்டியாகக் கலந்து குடிப்பதில் அந்தக் குறைவு இல்லை.

இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள், இட்லி, சோற்றுக்குப் பதில் இந்த ரொட்டிக்கு மாறும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உணவில் மாவுச்சத்து குறைந்து மருந்தின் அளவு பழையபடியே இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், குடல் அடைப்பு ஏற்பட்டவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோரும் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். கொழகொழப்பான நார்ச்சத்து மருந்து உட்கிரகிக்கப்படுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், மாத்திரைக்கும் ரொட்டிக்கும் இடையே ஓரிரு மணி நேரம் விட வேண்டும்.

சரியாக வராத ரொட்டியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

வேக்காடு போதாமல் பிசுபிசுத்ததை ஒரு செ.மீ. கனத்தில் வெட்டி, 150 டிகிரியில் இருபது நிமிடம் திருப்பிப் போட்டுச் சுட்டால் உண்ணத்தக்கதாகிவிடும். உதிர்ந்ததை இன்னும் உதிர்த்து, 120 டிகிரியில் ஈரம் போக உலர்த்தி மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டினால், கட்லெட்டுக்கும் மீன் வறுவலுக்கும் மேற்பூச்சுத் தூளாகும். எளிதில் சிவந்துவிடும், எனவே எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும்.